பூட்டக்காவின் மாறுதல் உத்தரவு

கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. இன்னும் கொஞ்சம். ஜன்னலோரம் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். கைப்பேசி வைத்திருப்பவர்கள் அதைக் கவிழ்த்து வையுங்கள். அதற்கும் காது உண்டு. நாட்டுக்கே பூட்டுப் போடக் கிளம்பி, அந்தப் பூட்டில் தன் விரலையே வைத்து நசுக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை என்னிடம் இருக்கிறது. அழவைக்க மாட்டேன், பயப்படாதீர்கள். சிரித்து வயிறு வலித்தால் மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

ஓர் ஊரில் குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகம் ஒன்று இருந்தது. இரண்டு மாடி. ஊருக்கெல்லாம் குழாய் சரிபார்க்கிற அந்த அலுவலகத்தின் கழிவறைக் குழாய் மட்டும் பதினாறு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் மேலாளர். ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிற மனிதர். அந்த விரலையும் அடிக்கடி தேடுவார். அவருக்கு எதிர் மேசையில் நீர் அளவு குறிக்கப் போகிறவர். அவரை எல்லோரும் மீட்டர் அண்ணன் என்பார்கள். கீழே மாடிப்படிக்கு அடியில் அட்டெண்டர். அவர் தொண்டையைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவர் பெயர் சங்கு.

அந்த அலுவலகத்தின் கடவுச்சொற்கள் எல்லாம் நாட்காட்டியின் பின்பக்கம் எழுதியிருக்கும். நாட்காட்டி மாட்டியிருந்ததோ கீழே, சங்குவின் தலைக்கு மேல். அதனால் மாடியிலிருந்து மேலாளர் குனிந்து, "யாருப்பா, புகார்ப் பிரிவு பாஸ்வேர்டு என்ன?" என்பார். சங்கு ஓங்கி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார். ஒருநாள் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர்த்த தெருத் தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அதை நேத்தே மாத்திட்டாங்க, சங்கு அண்ணே!" என்று திருத்தினார். அவ்வளவு பத்திரம்.

இப்படி இருக்கையில் நாட்டில் ஒரு பெரிய மருத்துவமனையில் யாரோ ஒருவர் மின்னஞ்சலில் வந்த ஒரு இணைப்பை அழுத்திவிட்டார். மூன்று நாள் எந்தக் கணினியும் திறக்கவில்லை. நோயாளியின் சீட்டு எங்கே, மருந்து எங்கே என்று ஒன்றும் தெரியாமல் டாக்டர்கள் கையால் எழுதி ஓடினார்கள். அரசாங்கம் விழித்துக்கொண்டது. சைபர் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்றை அமைத்தது. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒருவரைக் காப்பாளராக நியமிக்க வேண்டும், அவருக்குப் பதினைந்து நாள் பயிற்சி, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சோதனை என்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் முடியாது என்றார்கள். விடுப்பில் இருந்தவள் ஒருத்தி மட்டும்தான் முடியாது என்று சொல்லவில்லை. அவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அவள்தான் நம்முடைய கதாநாயகி. புகார்ப் பிரிவு எழுத்தர். விடுப்பில் எங்கே போயிருந்தாள் தெரியுமா? புருஷனைப் பார்க்க. அவர் எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வருகிற சின்னப் படகு. கடலைத் தூக்கிக்கொண்டு அவர் இவள் ஊருக்கு வர முடியாது. இவள்தான் அங்கே மாற்றல் வாங்கிப் போக வேண்டும். ஒன்பது வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளை பள்ளியில் 'என் குடும்பம்' என்று படம் வரைந்தால் வீட்டுக்குள் அம்மாவும் தானும் இருப்பார்கள். தாளின் அடுத்த ஓரத்தில் ஒரு படகும் அதில் ஒரு புள்ளியும் இருக்கும். "அந்தப் புள்ளி யாரு?" என்று டீச்சர் கேட்டால், "அது எங்க ஞாயித்துக்கிழமை அப்பா" என்பாள்.

பயிற்சிக்குப் போனாள். வகுப்பெடுத்தது ஓயாமல் தும்முகிற ஒரு சின்ன உருவ அம்மாள். "போன்ல உங்க வீட்டுக்காரர் குரல் கேட்டாலும் உடனே நம்பாதீங்க. குரலைக் கூட இப்ப செஞ்சுடுறாங்க. வீட்டுக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்கோங்க" என்றார் அந்த அம்மாள். "யார் கூப்பிட்டாலும் வச்சிட்டு, அச்சடிச்ச புத்தகத்துல இருக்கிற நம்பருக்கு நீங்க திருப்பிக் கூப்பிடுங்க." இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் தும்மவில்லை. "திருடன் உங்களுக்குப் பிடிக்காததை எடுத்துட்டு வரமாட்டான். உங்க மனசுல எது ரொம்ப நாளா கிடக்குதோ, அதைத்தான் கையில ஏந்திட்டு வருவான்."

நம்மவள் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பினாள். வந்த அன்றே நாட்காட்டியைக் கழற்றினாள். மறுநாள் முதல் சோதனை. 'உங்களுக்குக் கால் பிடித்துவிடும் இயந்திரம் பரிசு' என்று ஒரு பொய் மடல் எல்லோருக்கும் வந்தது. மேலாளர் அழுத்தினார். திறக்கவில்லை என்று இன்னொரு முறை அழுத்தினார். பிறகு மீட்டர் அண்ணனைக் கூப்பிட்டு, "உன் கம்ப்யூட்டர்ல திறக்குதா பாருப்பா" என்றார். நாட்டிலேயே கடைசி இடம்.

அதன் பிறகு பார்க்க வேண்டுமே அவளை! இருக்கையை விட்டு எழுந்தால் கணினியைப் பூட்டு என்பாள். பூட்டாமல் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் திரையில் 'நான் ஒரு திறந்த வீடு' என்று பெரிய எழுத்தில் அடித்து வைத்திருப்பாள். சங்குவுக்குத் தனி வகுப்பு. "போன்ல யார் என்ன கேட்டாலும் சொல்லக்கூடாது அண்ணே. என் பேரைக் கேட்டாலும் சரி, ஆபீஸ் பேரைக் கேட்டாலும் சரி."

"தண்ணி எப்ப வரும்னு கேட்டா?"

"அதைக் கூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

பூட்டக்கா என்று பெயர் வைத்தது சங்குதான். கோபத்தில் வைத்த பெயர், பாசமாக ஒட்டிக்கொண்டது.

அடுத்தடுத்து மூன்று சோதனைகளில் அந்த அலுவலகம் முழு மதிப்பெண். மூன்றாவது தடவை ஆணையம் அவளுக்கு ஒரு தங்க நிற அட்டை அனுப்பியது. அதோடு ஓர் அதிகாரமும். மற்றவர்கள் தங்கள் மின்னஞ்சல் பெட்டியில் இருக்கிற சிவப்பு நிற 'சந்தேகம்' பொத்தானை அழுத்தினால் புகார் மட்டும் போகும். தங்க அட்டைக்காரர் அழுத்தினால் அந்த இணைப்பு அந்த நொடியே நாடு முழுவதும், எல்லா அரசு அலுவலகங்களிலும் அடைபட்டுவிடும். யாராவது ஆராய்ந்து பார்த்துத் திறக்கும் வரை திறக்காது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில்தான் விரல் நசுங்கப் போகிறது.

ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம். பூட்டக்காவின் பெட்டியில் ஒரு மடல் வந்து விழுந்தது. 'உங்கள் மாறுதல் கோரிக்கை ஏற்கப்பட்டது. துறைமுக நகர் கிளை. இன்று மாலை ஐந்து மணிக்குள் கீழே உள்ள இணைப்பை அழுத்திச் சம்மதம் தெரிவிக்கவும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்கப்படும்.'

அவள் கை தானாக இணைப்பின் பக்கம் நகர்ந்தது. நகர்ந்த கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, கையை நீயே அரெஸ்ட் பண்ணியிருக்க?" என்றார் மீட்டர் அண்ணன்.

அவள் அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "அடேயப்பா! கிடைச்சிடுச்சா! அழுத்து, அழுத்து!" என்று துள்ளினார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. இதுவரைக்கும் உத்தரவு எல்லாம் தபால்ல தானே வரும்? இந்த முகவரியை நாம பார்த்ததே இல்ல. அவசரப்படுத்துறான். லிங்க்கை அழுத்துங்கிறான்."

"அதுக்காக?"

"இந்த வாரம் நாலாவது சோதனைன்னு பேச்சு அடிபடுது. அவங்க என் மனுவை எடுத்துப் பார்த்திருப்பாங்க. எனக்கு எது வேணும்னு தெரிஞ்சு தூண்டில்ல மாட்டியிருக்காங்க."

மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எனக்குக் கால் பிடிக்கிற மெஷின். உனக்கு வீட்டுக்காரர். ஆளுக்குத் தகுந்த மாதிரி அனுப்புறானுங்க, கில்லாடிங்க" என்றார். அத்தோடு தீர்ந்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சந்தேகத்துக்குக் காரணம் எழுது என்று ஒரு கட்டம் வந்தது. தெரியாத முகவரி, அவசரம், இணைப்பு என்று ஒவ்வொன்றாக எழுதினாள். கடைசியில் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு, 'இது என் மனதுக்கு ரொம்பப் பிடித்ததைச் சொல்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள். அப்போது மணி இரண்டு நாற்பத்தாறு. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கழிவறைக் குழாயை விட அவள் கண் கொஞ்சம் அதிகமாகச் சொட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்று முப்பத்தைந்துக்குக் கைப்பேசி அடித்தது. படகுக்காரர்.

"ஏய்! கிடைச்சிடுச்சு! உன் பேரு இருக்கு! இங்க உங்க வாரியத்து ஆபீஸ் வாசல்ல பட்டியல் ஒட்டியிருக்காங்களாம். நம்ம இன்ஜின் மேஸ்திரி பார்த்துட்டு ஓடி வந்து சொல்றாரு! அழுத்திட்டியா? அஞ்சு மணி வரைக்கும்தான் டைமாம்!"

பூட்டக்கா எழுந்து நின்றுவிட்டாள். ஆனாலும் பயிற்சி, பயிற்சிதானே. "வார்த்தை?" என்றாள்.

"என்ன வார்த்தை?"

"வீட்டு வார்த்தை. சொல்லுங்க."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ கப்பல் ஊதுகிற சத்தம் மட்டும்.

"அடியே, நான்தான்டி பேசுறேன்."

"குரலைச் செஞ்சுடுறாங்க."

"என் குரலை எவன்டி செய்வான்? எனக்கே இது பிடிக்காது! சரி, இரு. யோசிக்கிறேன். நீலக் குடை?"

"இல்ல."

"பல்வலி! கல்யாணம் ஆகி முதல் வருஷம் உனக்குப் பல்வலி வந்துச்சே, ராத்திரி பூரா நான் கிராம்பு தேடினேனே?"

"அது இல்ல. ஆனா அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று அவள் குரல் கொஞ்சம் இளகியது. உடனே இறுக்கிக்கொண்டாள். "இதையெல்லாம் திருடன் கூட விசாரிச்சு வச்சிருப்பான்."

"உங்கம்மா?"

"என்னது?"

"ரகசிய வார்த்தை 'உங்கம்மா'வான்னு கேட்டேன். பயமா இருக்கிற எதையாவது வச்சிருப்பியோன்னு..."

"வச்சிடுவேன் போனை!"

"வேணாம், வேணாம்! கரடி? ஜுரம்? கறுப்புப் பெட்டி? பாப்பா பிறந்தப்ப வாங்கின தொட்டில்?" ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார் மனிதர். பத்து வருட வாழ்க்கையைப் பெட்டி பெட்டியாகத் திறந்து வெளியே எறிந்தார். அலுவலகமே வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இல்லை இல்லை என்று தலையாட்ட, மீட்டர் அண்ணனும் கூடவே தலையாட்டினார்.

"எனக்கு மறதின்னு தெரிஞ்சும் ஏன்டி எனக்கு இந்த மாதிரி வேலை கொடுக்கிற!" என்று படகுக்காரர் ஆத்திரத்தில் ஓங்கிப் படகறையின் கூரையில் ஒரு குத்து விட்டார். தடதடவென்று ஏதோ விழுகிற சத்தம். "ஐயோ! மண்டையில..." பிறகு தொலைபேசியே அதிரும்படி ஒரு கூச்சல்.

"இடது செருப்பு! இடது செருப்பு!"

இதற்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஏறும்போது அவளுடைய வலது கால் செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. புது மாப்பிள்ளை அல்லவா, சட்டையைக் கூடக் கழற்றாமல் குதித்தார். ரொம்ப நேரம் முங்கித் தேடி, வெற்றி வீரனைப் போல ஒரு செருப்போடு எழுந்தார். அது வேறு யாருடையதோ. அதுவும் இடது கால் செருப்பு. அவள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியதாம். அன்றைக்கு அந்தச் செருப்பைப் படகறைக் கூரையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அவள் பயிற்சி முடிந்து வந்ததும், மறக்கவே முடியாத வார்த்தையாக இருக்கட்டும் என்று அதையே இருவரும் ரகசிய வார்த்தையாக வைத்துக்கொண்டார்கள். தினமும் கண்ணெதிரே தொங்குவதால் அவர் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

"நீங்கதானா?" என்றாள் பூட்டக்கா. "அப்ப நெசமா?"

"நெசம்டி! அழுத்து!"

கணினிக்குப் பாய்ந்தாள். மடலைத் திறந்தாள். இணைப்பை அழுத்தினாள். திரையில் ஒரு சிவப்புக் கை வந்து நின்றது. 'இந்தப் பக்கம் நாட்டின் பாதுகாப்புக் கருதி அடைக்கப்பட்டுள்ளது.' மணி நான்கு ஐந்து.

அச்சடித்த புத்தகத்தை எடுத்துப் பணியாளர் துறைக்குப் போன் போட்டாள். பத்து தடவை லைன் பிஸி என்கிற சத்தம்தான். பதினோராவது தடவை ஒரு பெண் எடுத்தாள். குரலே நொந்து போயிருந்தது.

"பேஜ் திறக்கலைன்னு தானேம்மா? தெரியும். முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு மாறுதல் போட்டிருக்கோம், முந்நூத்திப் பன்னெண்டு பேரும் கூப்பிடுறாங்க. எவளோ ஒரு புண்ணியவதி இரண்டே முக்காலுக்குச் சந்தேகம்னு அழுத்தி நாடு பூரா அடைச்சிட்டா. தங்க அட்டையாம்! அவளைக் கையில கிடைச்சா..."

"கிடைச்சா?"

"நீங்க எந்த ஊரும்மா?"

பூட்டக்கா போனை வைத்துவிட்டாள். யார் என்ன கேட்டாலும் சொல்லக்கூடாது என்று அவளுக்கும் தெரியும் அல்லவா.

இனி ஒரே வழி, ஆணையத்தின் அவசர மையம். அங்கே ஒருவர் எடுத்தார். குரலில் ஓர் அவசரமும் இல்லை.

"சார், நான்தான் அந்த இணைப்பை அடைச்சேன். அது நிஜமான உத்தரவு. தயவுசெஞ்சு திறந்து விடுங்க. அஞ்சு மணிக்கு மூடிடும்."

"ரொம்ப அவசரப்படுறீங்களேம்மா."

"ஆமா சார், அவசரம்!"

"அவசரப்படுத்தினா சந்தேகப்படணும்னு எங்களுக்குப் பாடம். நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? திருடன் கூட இப்படித்தான் திறக்கச் சொல்வான். நீங்க வச்சிடுங்க. உங்க ஆபீஸ் பேர்ல பதிவாகியிருக்கிற நம்பருக்கு நான் கூப்பிடுறேன்."

அவளுக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. "ரொம்பச் சரி சார். அப்படித்தான் செய்யணும்" என்று சொல்லி வைத்தாள்.

மேலாளர் மேசைத் தொலைபேசியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். அதையே பார்த்தார்கள். நான்கு முப்பது. அடிக்கவில்லை. மேலாளர் அதைத் தூக்கிப் பார்த்து, மூச்சு வருகிறதா என்று காதில் வைத்துவிட்டு வைத்தார். நான்கு முப்பத்தைந்து. அடிக்கவில்லை. கீழே எங்கோ ஒரு மணிச் சத்தம். பிறகு சங்குவின் குரல், நாலு தெருவுக்கும் கேட்கும்படி:

"அப்படி ஒரு ஆளே இங்க கிடையாது!"

மாடியில் யாரும் பொருட்படுத்தவில்லை. மறுபடியும் மணி. மறுபடியும் சங்கு: "குடிநீர் வாரியமா? எங்களுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல! நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல!"

பூட்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிவான நம்பர் மேலாளர் மேசையுடையது இல்லை. பதினாறு வருடத்துக்கு முன் பதிவு செய்தது. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பழைய தொலைபேசி!

மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினாள். பின்னால் மீட்டர் அண்ணன், அவருக்குப் பின்னால் மேலாளர். மூன்றாவது முறை அடித்த மணி, சங்கு எடுத்ததும் நின்றது. சங்கு ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"கொடுங்க அண்ணே!"

"வேணாம்க்கா! கிட்ட வராதீங்க! பலே திருடன்! உங்க பேரு, வேலை, ஊரு எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான். நான் ரெண்டு தடவை கட் பண்ணியும் விடாம கூப்பிடுறான்!"

"நான்தான் கூப்பிடச் சொன்னேன்!"

"அப்படித்தான் சொல்லச் சொல்லி மிரட்டியிருப்பான். கண்ணைச் சிமிட்டுங்க, நான் போலீஸைக் கூப்பிடுறேன்!"

மேலாளரும் மீட்டர் அண்ணனும் சங்குவின் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, அவள் ரிசீவரைப் பிடுங்கினாள்.

"சார்! நான்தான்!"

"உங்க ஆபீஸ்ல போன் எடுக்கிறவர் யாரும்மா?" என்றார் மையத்துக்காரர். "பல ஆபீஸ்ல பதினோரு வருஷமா இந்த மாதிரி வேலை பார்த்திருக்கேன். இப்படி ஒரு காவல் பார்த்ததில்ல."

"நான் சொல்லிக் கொடுத்தேன் சார்" என்றாள், அந்த நேரத்திலும்.

"சரி. கடைசியா ஒரே கேள்வி. நீங்க அனுப்பின புகார் என் முன்னாடி இருக்கு. காரணங்கள்ல கடைசியா என்ன எழுதினீங்க?"

மாடிப்படி அடியில் எல்லோரும் நின்றார்கள். மேலாளர் இருந்தார். எதிர்த்த தையல்காரர் கூட ஊசியும் நூலுமாக வாசலில் வந்து நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"இது என் மனசுக்கு ரொம்பப் பிடிச்சதைச் சொல்லுதுன்னு எழுதினேன்."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அதை வேற யாரும் எழுத மாட்டாங்கம்மா" என்றார் அவர். குரலில் இப்போதுதான் ஓர் அவசரம் வந்தது. "உத்தரவு வந்த இடத்தைச் சரிபார்த்துட்டேன். நிஜம்தான். திறந்துட்டேன். மணி நாலு அம்பத்திரண்டு. ஓடுங்க!"

ஓடினாள். எல்லோரும் ஓடினார்கள். தையல்காரரும் ஓடினார், ஏன் என்று அவருக்கே தெரியாது. இணைப்பை அழுத்தினாள். சிவப்புக் கை போய், 'சம்மதம்' என்று ஒரு பச்சைக் கட்டம் வந்தது. அதை அழுத்தினாள். 'உங்கள் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும்.' கைப்பேசி சிணுங்கியது.

"ஓடிபி!" என்று சங்கு அலறினார். "யாரும் பார்க்காதீங்க! யாருக்கும் சொல்லக்கூடாது! திரும்புங்க எல்லாரும்!"

சொல்லி முடிப்பதற்குள் அலுவலகம் முழுவதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றார். மீட்டர் அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். தையல்காரர் கண்ணையும் மூடிக்கொண்டார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை வாத்தியார் நிறுத்தி வைத்த மாதிரி வரிசையாக நாலு முதுகுகள். நடுவில் ஒருத்தி ஆறு எண்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது எண்ணைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

"ஆச்சா?" என்றார் மேலாளர் சுவரிடம்.

"இன்னும் இல்ல சார்."

"ஆச்சா?"

"திரும்பாதீங்க சார்!"

பிறகு ஒரு சின்ன மணிச் சத்தம். 'உங்கள் மாறுதல் உறுதி செய்யப்பட்டது.' மணி நாலு ஐம்பத்தெட்டு.

முதுகுகள் பொறுக்க மாட்டாமல் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவள் முகத்தைப் பார்த்ததும் சங்கு ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், அந்த அதிர்ச்சியில் பதினாறு வருடமாகச் சொட்டிய கழிவறைக் குழாய் நின்றுவிட்டது என்று அந்த அலுவலகத்தில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடைப்பினால் நேரம் இழந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இன்னும் ஒரு நாள் நீட்டிப்பு. "அப்ப நேத்து நாம சுவத்தைப் பார்த்து நின்னது வீணா?" என்று சங்கு ஆறு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதே சுற்றறிக்கையின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. இனிமேல் இப்படி அவசரப்படுத்தி மடல் அனுப்பக்கூடாது என்று பணியாளர் துறைக்கு ஆணையத்தின் கண்டிப்பு. அடுத்த பயிற்சி வகுப்புக்கு அந்தத் துறையிலிருந்து எல்லோரும் வர வேண்டும். வகுப்பெடுக்கப் போவது, துறைமுக நகர் கிளைக்கு மாறி வருகிற காப்பாளர்.

அதெல்லாம் மறுநாள். அன்று மாலை, பள்ளி விட்டு வந்த மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் படகுக்காரரைக் கூப்பிட்டாள். "கிடைச்சிடுச்சுங்க."

"நெசமா? இரு, இரு. நான் ஏமாற மாட்டேன். வார்த்தை சொல்லு!" என்றார் அவர்.

"இடது செருப்பு."

"ஆஹா!" என்று அவர் சிரித்தார்.

"ஆனா அது பழசாயிடுச்சு. இன்னைக்கு நீங்க கத்தினதுல துறைமுகம் பூராவும் தெரிஞ்சிருக்கும். புதுசா ஒண்ணு வைக்கணும்."

"இனி எதுக்குடி வார்த்தை? ஒரே வீட்டுல இருக்கப் போறோம். சாயங்காலமானா நான் கதவைத் தட்டுவேன், நீ திறப்ப."

"தட்டினாலும் கேட்பேன்."

மகள் அம்மா கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "அப்பா, நான் வைக்கிறேன் புது வார்த்தை. கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன்." வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் கப்பல் ஒரு முறை ஊதியது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

அந்த வார்த்தை என்ன என்று கேட்காதீர்கள், செல்லங்களே. சொல்லமாட்டேன். ரகசியம் ரகசியம்தான். எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டுக் கதவு உங்களவர்கள் தட்டும்போது ஒரு தட்டிலேயே திறக்கட்டும். மற்றவர்கள் நூறு தட்டுத் தட்டினாலும் அசையாமல் இருக்கட்டும். தூரத்தில் இருப்பவர்கள் பக்கத்தில் வந்து சேரட்டும். உங்கள் பிள்ளைகள் வரைகிற படத்தில் எல்லோரும் ஒரே கூரைக்குள் இருக்கட்டும். உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வார்த்தை இருக்கட்டும். அதைச் சொன்னதும் எல்லோருக்கும் சிரிப்பு வரட்டும்.